ரிங் செட் ஆகும் வரை

புதுக் காரின் சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால், பளபளக்கும் சுவரை எதிர்பார்த்தவர்கள் திகைத்துப்போவார்கள். சுவர் முழுக்கக் கீறல்கள். இடமிருந்து வலமாக ஏறும் கோடுகளும் வலமிருந்து இடமாக ஏறும் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டி, சாய்சதுரக் கட்டங்களாக மேலிருந்து கீழ்வரை படர்ந்திருக்கும். தெரியாமல் விழுந்த கீறல்கள் அல்ல இவை. கோணம் பார்த்து, ஆழம் பார்த்து, தொழிற்சாலையில் வேண்டுமென்றே போட்டவை.

இந்த வேலைக்கு ஹோனிங் என்று பெயர். சிலிண்டரைத் துளைத்து முடித்த பிறகு, சிலிக்கன் கார்பைடோ வைரத்துகளோ பதித்த சாணைத் துண்டுகளைத் தாங்கிய ஒரு தலை உள்ளே இறங்குகிறது. அது சுழன்றுகொண்டே மேலும் கீழுமாகப் போய்வருவதால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழுகின்றன. அவை ஒன்றையொன்று வெட்டும் கோணம் பொதுவாக 30 முதல் 60 டிகிரிக்குள் இருக்கும். ஆழம் சில மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்து இந்த ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சில மைக்ரான் பள்ளங்களில்தான் ஆயில் தங்குகிறது. பள்ளம் இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் காய்ந்த உலோகத்தின் மேல் உரசும். மேடுகள் கூராகவே நின்றுவிட்டால் அவை ரிங்கைத் தின்னும்.

புது ஆட்டுக்கல் வீட்டுக்கு வந்த அன்றே யாரும் இட்லிக்கு மாவாட்டிவிட மாட்டார்கள். கொத்திய குழிகள் இருந்தால்தான் அரிசி பிடிபட்டு அரையும். அதே சமயம் குழி விளிம்புகளில் நிற்கும் கல் பிசிறு மாவில் கலந்துவிடக் கூடாது. அதனால் தவிட்டையும் வேண்டாத அரிசியையும் போட்டு ஒன்றிரண்டு ஈடு அரைத்து, கழுவிக் கொட்டிவிட்டுத்தான் கல்லைப் புழக்கத்துக்கு எடுப்பார்கள். மேடு தேய வேண்டும், குழி நிலைக்க வேண்டும். புதுக் கார் ஓடும் முதல் சில நூறு கிலோமீட்டரில் சிலிண்டர் சுவருக்கு நடப்பதும் இதுதான். இன்ஜினின் கடைசிக் கட்ட இழைப்பு வேலை தொழிற்சாலையில் முடிவதில்லை. வாங்கியவரின் வலது காலிடம் அது ஒப்படைக்கப்படுகிறது.

எப்படிச் செய்தால் அந்த வேலை நன்றாக முடியும் என்பதில்தான் சண்டை. “முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு 60ஐத் தாண்டாதே” என்று ஒரு தரப்பு சொல்லும். “முதல் நாளே மிதித்து ஓட்டு, அப்போதுதான் இன்ஜின் இழுக்கும்” என்பது இன்னொரு தரப்பு. இரண்டு பேச்சிலும் பாதி உண்மை உண்டு. மீதியைக் கண்டுபிடிக்க, பிஸ்டன் ரிங் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையம்தான் ரிங். ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில்வே பொறியாளர் 1852இல் நீராவி இன்ஜினுக்காக வடிவமைத்தது. அடிப்படை இன்றும் மாறவில்லை. இன்றைய பிஸ்டனில் பெரும்பாலும் மூன்று ரிங்குகள் இருக்கும். மேல் ரிங் வாயுவை அடைக்கிறது, கீழ் ரிங் ஆயிலை வழித்துவிடுகிறது, நடு ரிங் இரண்டு வேலைக்கும் கைகொடுக்கிறது. பள்ளத்தில் சுருங்கி உட்கார்ந்திருக்கும் வளையம் விரியப் பார்ப்பதால் தானாகவே சிலிண்டர் சுவரை அழுத்திக்கொண்டிருக்கும். ஆனால் அந்த அழுத்தம் மிகச் சொற்பம். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒன்றிரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் இன்ஜின் முழு லோடில் உழைக்கும்போது எரியறைக்குள் எழும் அழுத்தமோ 60, 70 மடங்கைத் தொடும். இவ்வளவு சன்னமான வளையம் அதை எப்படித் தடுத்து நிறுத்துகிறது?

எரிந்த வாயுவின் ஒரு பகுதி ரிங்குக்கும் அதன் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக ரிங்கின் முதுகுப் பக்கம் நுழைந்துவிடுகிறது. அங்கிருந்து ரிங்கை வெளிப்புறமாகத் தள்ளிச் சுவரோடு ஒட்டவைக்கிறது. அடைக்கப்பட வேண்டிய வாயுவே அடைப்புக்கு வலுக் கொடுக்கிறது. எரியறையில் அழுத்தம் கூடக் கூட ரிங்கின் பிடியும் கூடும். இயந்திரவியலில் நான் பார்த்து வியந்த ஏற்பாடுகளில் இது முக்கியமானது.

புது இன்ஜினை ஓட்டிப் பழக்கும் ரன்னிங்-இன் பற்றிய பேச்சில் அடிக்கடி விடுபட்டுப்போவதும் இதுதான். ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும் பூப்போல ஓட்டினால் எரியறையில் அழுத்தம் எழாது. அழுத்தம் எழாவிட்டால் ரிங் சுவரைப் பலமாக அழுத்தாது. அழுத்தாத ரிங் மேடுகளைத் தேய்க்காது. மெதுவாக ஓட்டி இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைப்பவர் அதற்கு நடக்க வேண்டிய ஒன்றை நடக்கவிடாமல் செய்கிறார்.

சரி, பெரியவர்கள் ஏன் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள்? அதற்கும் திடமான காரணம் இருந்தது. எவ்வளவு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் இரண்டு உலோகப் பரப்புகள் முழுப் பரப்பாலும் தொட்டுக்கொள்வதில்லை, சில முகடுகளின் உச்சியில் மட்டுமே தொடுகின்றன என்பதைக் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் பவுடனும் டேவிட் டேபரும் காட்டினார்கள். மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் நிஜமாகத் தொடும் இடம் துளியூண்டு. சுமை முழுவதும் அந்தத் துளியூண்டு இடத்தில் விழுகிறது. உரசும் வேகத்தில் அந்த முகடுகளின் நுனி ஒரு கணத்துக்குப் பல நூறு டிகிரி சூடாகும். புது இன்ஜினில் முகடுகள் அதிகம் என்பதால் உராய்வும் அதிகம், சூடும் அதிகம். அந்தச் சூட்டை ஆற அவகாசம் தராமல் ஏற்றிக்கொண்டே போனால் முகடுகள் தேய்வதற்குப் பதிலாக ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கிழியும். ரிங்கிலும் சுவரிலும் நெடுக்குவாக்கில் காயம் விழும். அந்தக் காயம் ஆறாது.

பழைய கார்களில் இந்த அபாயம் மிக அதிகம். அன்றைய ஹோனிங் கரடுமுரடானது. பாகங்களின் அளவுகளும் இன்றைய அளவுக்கு ஒழுங்காக வரவில்லை. பிஸ்டனின் அலுமினியம், வார்ப்பிரும்புச் சிலிண்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவில் விடும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவில்தான். அந்த நாளில் பிரிட்டனில் புதுக் காரின் பின்கண்ணாடியில், ரன்னிங்-இன் நடக்கிறது, முந்திச் செல்லுங்கள் என்று அட்டை எழுதி ஒட்டுவார்கள். அம்பாசிடர் வாங்கியவர்களும் அதே பொறுமையோடுதான் ஓட்டினார்கள். அது மூடநம்பிக்கை இல்லை, அந்த இன்ஜின்களுக்கு அது தேவைப்பட்டது.

இப்போது அந்தக் கரடு வேலையில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே நடந்துவிடுகிறது. முதலில் ஆழமான கோடுகளைப் போட்டு, பிறகு மிக மென்மையான கற்களால் மேடுகளின் தலையை மட்டும் சீவிவிடுகிறார்கள். அடியில் பள்ளங்கள் அப்படியே நிற்க, மேற்புறம் சமதளமாகிவிடுகிறது. நிஸான் ஜி.டி.ஆர் போன்ற சில கார்களில் சுவரில் இரும்பை உருக்கிப் பிளாஸ்மாவால் தெளிக்கிறார்கள். அங்கே நுண்துளைகள் ஆயிலைத் தேக்குகின்றன. ஆகவே ஆயிரம் கிலோமீட்டர் ஆமைவேகம் இன்றைய காருக்குத் தேவையில்லை. ஆனால் எஞ்சியிருக்கும் அந்தக் கடைசி ஒரு மைக்ரான் வேலையை ரிங்கும் சுவரும் சேர்ந்துதான் முடிக்க முடியும். குறிப்பிட்ட அந்த ரிங்கின் நுண்ணிய நெளிவு, குறிப்பிட்ட அந்தச் சிலிண்டரின் நெளிவு, ஹெட் போல்ட்டை முறுக்கிய பிறகு உலோகம் எடுத்த வடிவம் எல்லாவற்றையும் எந்த ஹோனிங் இயந்திரமும் முன்கூட்டி அறியாது.

மெதுவாக ஓட்டுவதிலும் கேடு உண்டு என்பதை நம்ப மறுப்பவர்கள் ஜெனரேட்டர் மெக்கானிக் ஒருவரிடம் பேசிப் பார்க்கலாம். 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாடெங்கும் டீசல் ஜெனரேட்டர்கள் மணிக்கணக்கில் ஓடின. தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு சில விளக்குகளும் மின்விசிறிகளும் மட்டும் ஓட்டினால், இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. எரியாத டீசலும் ஆயிலும் புகைபோக்கியில் கரியாகக் கசியும். ரிங்கைத் தாண்டி மேலே ஏறிய ஆயில் சுவரில் கருகி, ஹோனிங் பள்ளங்களை அடைத்து, வார்னிஷ் பூசியதுபோல ஒரு வழவழப்பை உண்டாக்கும். அதன் பிறகு பள்ளத்தில் ஆயில் நிற்காது, ரிங்கும் பிடிக்காது. இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். பிரித்து மறுபடி ஹோனிங் போடுவதைத் தவிர வழியில்லை. டீசல் ஜெனரேட்டரைத் தன் திறனில் 30 சதவீதத்துக்குக் குறைவாக நெடுநேரம் ஓட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

விமானத் துறை இதில் இன்னும் கறாரானது. பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களுக்கு இன்ஜின் செய்யும் லைகாமிங் நிறுவனம், புது இன்ஜினைத் தரையில் நெடுநேரம் ஓட்டாதே, முதல் பறத்தலிலேயே 75 சதவீதத் திறனில் பற என்கிறது. பிறகு 65க்கும் 75க்கும் நடுவில் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஆயிலும் சாதாரண மினரல் ஆயில்தான். முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை. காற்றால் குளிரும் அந்த இன்ஜின்களின் சிலிண்டர் கார் இன்ஜினை விடக் கரடானது. அதனால் அந்த எண்களை அப்படியே காருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பொறியாளர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இன்ஜின் முழுவதற்கும் இந்தத் தேய்ப்பு வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு அது அநேகமாகத் தேவையே இல்லை. அதற்குப் பின்னால் ஓர் அழகான சோதனை இருக்கிறது. 1883இல் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் லண்டனில் ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கியது. மரக்கட்டை ஆப்பு ஒன்றால் அடைத்தார். ஆப்பு தானாக வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்த மானியின் எல்லையையும் எண்ணெய் தாண்டியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்து, ஆப்புவடிவச் சந்துக்குள் திணித்து, தன்னையே தூக்கி நிறுத்திக்கொள்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். ஓடும் இன்ஜினில் கிராங்க் தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை. சில மைக்ரான் ஆயிலின் மேல் மிதக்கிறது.

மிதப்பதற்கு அசைவு வேண்டும். பிஸ்டனுக்கு வாய்த்த சங்கடம் அங்கேதான். 3,000 ஆர்.பி.எம்.மில் அது வினாடிக்கு 100 முறை நின்று திரும்புகிறது. உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் ஆயில் படலம் சரிகிறது. அதே இடத்தில், அதே கணத்தை ஒட்டித்தான் எரிந்த வாயுவின் அழுத்தமும் உச்சத்துக்கு வருகிறது. எந்தப் பழைய இன்ஜினைப் பிரித்தாலும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலில் தட்டுப்படும் தேய்மானப் படி இருப்பது இதன் விளைவு.

படலம் சரியும் அந்த இடத்தைக் காக்க இன்னொரு காவல் உண்டு. ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம், சுருக்கமாக ஜிங்க் அல்லது இசட்.டி.டி.பி., உரசும் முகடுகளின் மேல் கண்ணாடி போன்ற கெட்டியான ஒரு பூச்சை வளர்க்கிறது. தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். 1940களில் ஆயில் கெடாமல் இருக்கச் சேர்த்த இந்தப் பொருள் தேய்மானத்தையும் தடுப்பதைப் பிறகுதான் கவனித்தார்கள். அது எப்படி வளர்கிறது என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நித்ய நந்த் கோஸ்வாமி, ராபர்ட் கார்ப்பிக் குழுவினர் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் உரசிப் பார்த்து, 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அழுத்தமும் வெப்பமும் கூடும்போது பூச்சு வளரும் வேகம் பல மடங்காகப் பெருகுகிறது. எந்த முகட்டில் அழுத்தம் அதிகமோ அங்கே அதிகமாக வளர்கிறது. ரன்னிங்-இன் என்பது தேய்வது மட்டுமே என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். தேய்வதோடு கூடவே ஒரு தோலும் வளர்கிறது. அதற்கும் மிதமான அழுத்தமும் சூடும் வேண்டும் என்பது என் கட்சிக்கு இன்னொரு சான்று.

பழைய அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினை ரீபோர் செய்து ஓட்டுபவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அதில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தட்டை டாப்பெட்டின் மேல் நேரடியாக உரசுகிறது. கேமுக்கு ஆயில் தெறித்துத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால் புதுக் கேமும் டாப்பெட்டும் போட்ட தட்டை டாப்பெட் இன்ஜின்களை ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங்கில் விடாமல், உடனே 2,000 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றி 20 நிமிடமாவது ஓட்டுவதுதான் மரபு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் இன்றைய கார் ஆயில்களில் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். பழைய இன்ஜினுக்கு அந்த ஆயில் போதாது.

புதுக் காருக்கு வருவோம். காரோடு தரும் கையேட்டை விரித்துப் பார்த்தால், எல்லாருக்கும் நினைவில் நிற்கும் வேக வரம்புக்குப் பக்கத்திலேயே, அநேகமாக யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கும்: ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். எனக்கு வேக வரம்பை விட அந்த வரிதான் பெரிது. லோடு ஏறும்போது ரிங் சுவரை அழுத்தித் தேய்க்கிறது. காலை எடுத்ததும் அழுத்தம் விடுபட்டு, சூடு தணிந்து, துகள்களை ஆயில் கழுவிக்கொண்டு போகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் பக்குவம்.

அதனால் நாற்கர நெடுஞ்சாலையில் க்ரூஸ் கன்ட்ரோலை 80இல் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது புதுக் காருக்கு நல்லதல்ல. திண்டிவனத்தில் பிரிந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போவது போன்ற, ஊரும் வெளியும் மாறிமாறி வரும் சாலை நல்லது. கிளம்பியதும் சில கிலோமீட்டர் நிதானமாகப் போய் இன்ஜினும் ஆயிலும் சூடாகட்டும். குளிர்ந்த இன்ஜினில் கூடுதலாகப் பாயும் பெட்ரோல் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும் என்பதால் அந்த நேரத்தில் மிதிக்கக் கூடாது. சூடான பிறகு மூன்றாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து 3,500 வரை முக்கால் அளவு மிதித்து ஏற்றலாம். பிறகு காலை எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல் கியரிலேயே தானாக இறங்கவிடலாம். முந்த வேண்டிய இடங்களும் வேகத்தடைகளும் இதை நம்மைக் கேட்காமலே செய்யவைக்கும். சிவப்புக் கோட்டுக்குப் போகத் தேவையில்லை. அதைவிடப் பொல்லாதது, மைலேஜுக்காக ஐந்தாம் கியரில் 40இல் போய்க்கொண்டு இன்ஜினைத் திணறவிடுவது. சுற்று குறைந்தால் ஆயில் படலம் மெலியும். சுமையோ முழுதாக விழும்.

முதல் நாள் பூஜை முடித்து, எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிவிட்டு, குடும்பத்தார் ஒவ்வொருவராக உட்கார்ந்து படமெடுக்கும் அரைமணி நேரமும் ஏசியைப் போட்டு ஐட்லிங்கில் விட்டிருப்பார்கள். அந்த நேரம் இன்ஜினை அணைத்துவிடுவது நல்லது. முதல் வாரமே ஐந்து பேரும் மூட்டைமுடிச்சுமாக, 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கு ஏறுவதையும் தள்ளிப்போடலாம். ஏற்றத்தில் சூட்டுக்கு இடைவேளை கிடைக்காது. டயரின் வழவழப்பு போவதற்கும் பிரேக் பேடும் டிஸ்கும் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்கும்கூட முதல் 300 கிலோமீட்டர் வேண்டும் என்பதால், திடீர் பிரேக்கைத் தவிர்ப்பதும் அவசியம்.

ஆயிலை எப்போது மாற்றுவது என்பதில் கம்பெனிகளே ஒத்துப்போவதில்லை. பி.எம்.டபிள்யூ தன் எம் வகைக் கார்களை 2,000 கிலோமீட்டரில் அழைத்து இன்ஜின் ஆயிலை மாற்றுகிறது. ஹோண்டா, முதல் ஆயிலைக் குறித்த காலத்துக்கு முன் மாற்ற வேண்டாம் என்கிறது. முதல் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பினால் இரும்பும் அலுமினியமும் தாமிரமும் வழக்கத்தை விட அதிகமாக இருக்கும். சிலிக்கனும் இருக்கும், அது தூசி மட்டுமல்ல, மூட்டுகளில் பூசிய சீலன்ட்டிலிருந்தும் வருகிறது. இரண்டாம் ஆயிலில் இவை மளமளவென்று குறைந்துவிடும். என் யோசனை, வாரன்ட்டிக் காலத்தில் கையேடு சொல்வதைக் கேட்பது. கையேடு இடம் கொடுத்தால் கொஞ்சம் முன்னதாக மாற்றுவதால் கெடுதல் ஒன்றுமில்லை.

ரிங் செட் ஆகிவிட்டதா என்று அறிய மெக்கானிக் வேண்டியதில்லை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளவைக் குறித்து வையுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கி, பிறகு இறக்கம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. 5,000 கிலோமீட்டர் ஆன பிறகும் ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தால், அல்லது நெடிய சரிவுச் சாலையில் இறங்கிய பிறகு மிதிக்கும்போது சைலன்சரில் நீலப்புகை வந்தால், குறித்து வைத்த கணக்கோடு சர்வீஸ் சென்டருக்குப் போய் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். வாரன்ட்டி இருக்கும்போதே அதை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.